பாலகுருவுக்கு நன்றாகக் காது கேட்கும்

பாலகுருவுக்கு இரண்டு காதும் கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அப்படியெல்லாம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கப் போகிறார்கள். படிக்கிறவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

பிறவியிலேயே வந்த குறை இல்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கொட்டகையில் இருந்தபோது லேசாக மந்தம் தட்டியது. அப்புறம் ஷார்ஜா தொழில்பேட்டையில் தகரம் வெட்டுகிற பட்டறையில் ஒன்பது வருஷம். காதில் அடைக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்த ஃபோர்மேன் ‘மாஃபி’ என்றான். இல்லை என்பதற்கு அந்த ஊரில் அதுதான் சொல். வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே எல்லாரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். ஒன்பதாவது வருஷம் கேட்கிற வேலையை இரண்டு காதுமே நிறுத்திக்கொண்டன. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது. எதிரே நிற்கிறவர் தமிழில் பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவான். மலையாளம் பாதி பிடிபடும். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் உதட்டை அசைக்காமலே பேசுகிறார்கள் என்பது அவனுடைய நெடுநாள் குற்றச்சாட்டு.

அப்பேர்ப்பட்டவனுக்கு துபாய்த் துறைமுகமான ஜெபல் அலியில் ஒரு பெரிய கிடங்கில் வேலை கிடைத்தது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டால் வாதாட நமக்கு ஆளில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் இருக்கிற அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று மனிதகுலத்தின் மேல் அன்பு பொங்கிவிட்டது. ஒவ்வொரு கிளையிலும் எல்லா விதமான மனிதர்களும் இருக்க வேண்டும், இருப்பதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. ஜெபல் அலி கிளையின் எச்.ஆர். மேனேஜர் விஜயபாஸ்கர், ஆதம்பாக்கத்துக்காரர், அன்று மாலையே தன் அறைக் கதவில் ‘பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, அனைவரையும் இணைத்தல் – துறைத் தலைவர்’ என்று பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டார். மறுநாள் ஒரு காது கேட்காதவரைத் தேடிப் புறப்பட்டார்.

பாலகுரு கிடைத்தான். அவனைச் சிரிக்கச் சொல்லி, அவன் ஒருநாளும் தூக்காத ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, ஆறடி உயரத்துக்குப் படம் எடுத்து வாசல் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இணைவு தினம். கேக், சமோசா, ஆளுக்கொரு டீ-ஷர்ட், நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி. விஜயபாஸ்கர் மைக்கைப் பிடித்தால் கண் கலங்கும். “பாலகுருவுக்கு நாம வேலை குடுக்கல. பாலகுருதான் நமக்கு வேலை குடுத்திருக்கார்!” என்பார். இது உண்மை. அந்தப் பதவியே அப்படித்தான் வந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரே ஒரு உருப்படியான காரியம் நடந்துவிட்டது. அதற்குக் காரணம் உஸைர். காயல்பட்டினத்துக்காரர், பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர், பாலகுருவோடு தொழிலாளர் கேம்ப்பில் ஒரே அறை. அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம் என்பதால் பாலகுருவுக்கும் அவர் காக்கா. அவர்தான் விஜயபாஸ்கரிடம் போய், “சார், கேக்கு கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பரவால்ல. வண்டி முன்னாடி ஒரு நீல லைட்டு போட்டுக் குடுங்க. ஹாரன் அடிச்சா இவனுக்குக் கேக்காதுல்ல” என்றார்.

போட்டுக் கொடுத்தார்கள். பதினெட்டு ஃபோர்க்லிஃப்டுக்கும் போட்டார்கள். வண்டி வருவதற்கு மூன்று மீட்டர் முன்னால் தரையில் ஒரு நீல வட்டம் வரும். பெட்டி அடுக்குகிற இரும்பு ரேக்குகளுக்கு நடுவே சந்தில் நிற்கிற பாலகுரு அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வான். இதில் வேடிக்கை என்னவென்றால், காது நன்றாகக் கேட்கிறவர்களும் கொஞ்ச நாளில் தரையைப் பார்த்தே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதினெட்டு வண்டியும் ஒரே நேரத்தில் கீ கீ என்று கத்தினால் எது எங்கிருந்து வருகிறது என்று எந்தக் காதுக்குத் தெரியும்? அந்த லைட்டு வந்த பிறகு பதினான்கு மாதம் அந்தக் கிடங்கில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்புறம் அமெரிக்காவில் தேர்தல் நடந்தது. இங்கே கேக் நின்றது.

அரசாங்க ஒப்பந்தம் வேண்டும் என்கிற கம்பெனிகள் இந்த இணைவுச் சமாசாரம் எதையும் வைத்திருக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். தலைமை அலுவலகம் பதறிப் போய் உலகம் முழுவதும் தன் கிளைகளுக்குக் கடிதம் அனுப்பியது. மனிதகுலத்தின் மேல் வைத்த அன்பை முப்பது நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும்.

விஜயபாஸ்கருக்கு முப்பது நாள் தேவைப்படவில்லை. ஒரு சனி ஞாயிறு போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை கதவில் ‘தகுதித் துறைத் தலைவர்’ என்று புதுப் பலகை. காலையில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் பேசினார்.

“நான் எப்பவுமே தகுதி பக்கம்தான். மூணு வருஷம் டைவர்சிட்டி ஹெட்டா இருந்தியேன்னு நீங்க கேக்கலாம். அது எனக்குக் குடுத்த ரோல். ரோல் மாறினா மனசாட்சியையும் அப்டேட் பண்ணிக்கணும், அதுதான் ப்ரொஃபஷனலிசம். இனிமே இங்க யாருக்கும் தனிச் சலுகை கிடையாது. எல்லாரும் சமம்.” சமம் என்ற சொல் வாயில் வந்ததும் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். “அதாவது, சமம்னு சொல்லக் கூடாது. எல்லாரும் ஒண்ணு. இல்ல, அதுவும் வேணாம். எல்லாரும் எல்லாரும்தான்.”

தலைமை அலுவலகம் கேட்டபடி அநியாயமான சலுகைகளைத் தேடி அவர் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு வாசல். பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து எந்த வாசல் என்று சொல்வார்கள். ஒரே வேலைக்கு எந்த நாட்டுக்காரனுக்கு என்ன கிரேடு என்று ஒரு அட்டவணை எச்.ஆர். அறைச் சுவரிலேயே தொங்கியது. அதிகாரிகளுக்கு ஏ.சி. பஸ், மற்றவர்களுக்குச் சன்னல் பஸ். இதையெல்லாம் அவர் கூர்ந்து பார்த்துவிட்டு, இவற்றில் சலுகை எதுவும் இல்லை, இவை மார்க்கெட் என்று குறித்துக்கொண்டார். சலுகை வேறு இடத்தில் இருந்தது. இணைவு நிதியில் வாங்கிய சாமான்களில் எல்லாம் அடையாளத்துக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர் உண்டு. பச்சை ஸ்டிக்கர் எங்கே இருந்தாலும் அதைக் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

முதலில் தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் எழுதியிருந்த ‘கையை உள்ளே விடாதே’ பலகைகள் போயின. அடுத்ததாகப் பெண்கள் கழிவறையின் கதவு போயிற்று. கழிவறை கட்டட நிதியில் கட்டியது, கதவுதான் இணைவு நிதி. பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற மாரியம்மாள், திட்டக்குடி பக்கத்து ஆள், நேரே தகுதித் துறைக்கே போய்விட்டாள்.

“கதவு இல்லாம எப்டி சார் போறது?”

“மாரியம்மாள், புரிஞ்சுக்கோ. பெண்களுக்குன்னு தனியா ஒரு கதவு, அது ஒரு பிரிவுக்கு மட்டும் செய்யற சலுகைன்னு ஹெட் ஆபீஸ் பாக்குது.”

“ஆம்பளைங்க கக்கூசுல கதவு இருக்கே?”

“அது கதவு. உன்னோடது திட்டம்.”

மாரியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உங்க வூட்டம்மா இந்தப் பக்கம் வந்தா நானே கூட்டிட்டுப் போயி அந்தத் திட்டத்தக் காட்டுறேன் சார்” என்று சொல்லிவிட்டு, நான்கு பெரிய அட்டைப் பெட்டிகளை விரித்துக் கட்டித் தானே ஒரு தடுப்புச் செய்துகொண்டாள்.

மூன்றாவதாக, நீல லைட்டுகள். மின்சார வேலை பார்க்கிற செய்கு அலாவுதீன் பதினெட்டையும் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தார். கழற்றும்போது அவர் பாலகுருவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வாசல் கூடத்துப் படத்தில்தான் கொஞ்சம் சிக்கல். சுவரோடு சுவராக ஒட்டியது, கிழிக்க வரவில்லை. முதலில் ஒரு பூந்தொட்டியை முன்னால் வைத்தார்கள். தொட்டிக்கு மேலே பாலகுருவின் தலை சிரித்தது. பெரிய தொட்டி வைத்தார்கள். இலைகளுக்கு நடுவே சிரித்தது. கடைசியில் பெயின்டர் வந்து அவன்மேல் வெள்ளை அடித்தான். மூன்று பூச்சு தேவைப்பட்டது.

சுவரில் இருந்தவனை அழித்தாகிவிட்டது. ஆனால் வேலையில் இருக்கிறவனை என்ன செய்வது? விஜயபாஸ்கர் அவனை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இணைவுக் காலத்தில் அவனை ‘நீங்க’ என்றவர் தகுதிக் காலத்தில் ‘நீ’ என்றார்.

“பாலகுரு, இங்க பாரு, என் வாயைப் பாரு. இந்தத் திட்டத்துல ஒருத்தரையும் நாங்க வேலைக்கு எடுக்கலன்னு ஹெட் ஆபீசுக்கு நான் எழுதிக் குடுத்துட்டேன். நீ அந்தத் திட்டத்துல வந்தவன்னா உன்னை நான் ஊருக்கு அனுப்பணும். தகுதியில வந்தவன்னா இருக்கலாம். தகுதியில வந்தவன்னா காது கேக்கணும். ஃபைல்ல உனக்குக் கேக்காதுன்னு இருக்கு. அதைத்தான் இப்போ சரி பண்றோம்.”

“எத சார், காதையா?”

“ஃபைலை.”

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். கீழ்க்கண்ட நபராகிய எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், எனக்கென்று எந்த விளக்கும் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை, இதை நான் சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன். இதைத்தான் அவர் தமிழில் படித்துச் சொன்னார்.

“சார், எனக்கு நெசமாவே கேக்காதுல்லா?”

“அது உன்னோட பெர்சனல் ஃபீலிங். கம்பெனியோட நிலைப்பாடு வேற.”

பாலகுரு பேனாவை வாங்கிக்கொண்டான். சங்கரன்கோவிலில் அவன் மனைவி விஜி, இரண்டு பெண் பிள்ளைகள். திரும்பிப் போனால் தறிக் கொட்டகைகூட அவனைச் சேர்க்காது. ஒன்பது வருஷம் காதைக் கொடுத்துச் சம்பாதித்த நாட்டில், காது இருக்கிறது என்று பொய் சொன்னால்தான் சோறு. அவனுக்கு அவமானமாக இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

இப்படி எழுதிக் கொடுத்ததைத் தலைமை அலுவலகம் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டது. அங்கிருந்து டக்ளஸ் என்றொரு தணிக்கை அதிகாரி வீடியோவில் வந்தார். மேசைமேல் ஒரு டேப்லெட். ஆளை அதற்கு முதுகு காட்டி உட்கார வைத்து, டக்ளஸ் அதன் வழியாகப் பின்னாலிருந்து இருபது முறை ஒரு பீப் சத்தம் கொடுப்பார். கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். எல்லா ஊழியர்களுக்கும் இந்தச் சோதனை, அப்போதுதான் யாருக்கும் பாரபட்சம் இருக்காது.

பாலகுருவின் முறை வந்தபோது உஸைர், மாரியம்மாள், செய்கு அலாவுதீன் இன்னும் பத்துப் பேர் எதிர்ச் சுவரோரம் வந்து சும்மா வேடிக்கை பார்க்கிறவர்களாக நின்றுகொண்டார்கள். யாரும் கையசைக்கவில்லை, ஜாடை காட்டவில்லை. பீப் கேட்டால் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார்கள், ஒருவர் காதுக்குத் தப்பியது இன்னொருவர் காதில் விழுந்தது. பதின்மூன்று பேர் சேர்ந்து கண் சிமிட்டினால் எந்தப் பாலகுருவுக்கும் கேட்கும். இருபதுக்கு இருபது எடுத்தான். ஃபோர்க்லிஃப்ட் இரைச்சலில் மற்றவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று. விஜயபாஸ்கர் பதினொன்று.

வேறு காலமாக இருந்திருந்தால் இது ஒரு தப்பித்தலாக முடிந்திருக்கும். ஆனால் அது தகுதிக் காலம். கிளையிலேயே மிகச் சிறந்த காது உடையவன் வெறும் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறானே, இது தகுதிக்குச் செய்கிற துரோகம் அல்லவா என்று டக்ளஸ் கேட்டாராம். ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. பாலகுருவுக்கு மஞ்சள் சட்டை மாட்டி, அவனைத் தீ எச்சரிக்கை மணிக்குச் செவிக் காவலராக நியமித்தார்கள். பெட்டி அடுக்குகிற வேலையோடு இதுவும் சேர்த்து.

அந்தப் பதவிக்கு விஜயபாஸ்கரே விதிமுறை எழுதினார். மணி அடித்தால் மற்றவர்கள் ஆளாளுக்கு முடிவெடுக்கக் கூடாது. செவிக் காவலர் கேட்டு, ‘மணி அடிக்கிறது’ என்று அறிவித்த பிறகுதான் வெளியேறலாம். அவர் ‘அடிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் மணி பழுது என்று பொருள். மணி பழுதானால் சரிசெய்யும் வரை கிடங்கில் ஒரு பெட்டியும் நகரக் கூடாது. கையெழுத்து, முத்திரை, தேதி.

“காக்கா, என்ன எழவு இது?” என்றான் பாலகுரு, கேம்ப்பில்.

“பேசாம சட்டையப் போட்டுக்க குரு” என்றார் உஸைர். “மஞ்சச் சட்டையாவது தூரத்துலேருந்து தெரியும். லைட்டு இல்லாத வண்டியில எனக்கு உன்ன நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

பயந்தது வீண்போகவில்லை. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ரேக் முனையில் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான் பாலகுரு. மஞ்சள் சட்டையைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு பேலட், அதாவது மரத் தட்டு, மறைத்திருந்தது. திரும்பி வந்த வண்டியின் ஹாரன் மூன்று முறை அடித்தது. வண்டி தூக்கி வந்த பேலட்டின் மூலை அவன் இடுப்பில் மோதி அவனை ரேக் இரும்பில் கொண்டுபோய் அறைந்தது. வண்டி ஓட்டியவர் உஸைர்.

அவர் குதித்து ஓடி வந்து அவனை மடியில் கிடத்திக்கொண்டு, “அல்லாவே, நான் அடிச்சேன்டா, மூணு தடவ அடிச்சேன்டா” என்று குழந்தை மாதிரி அழுதார். ஹாரனைச் சொன்னார். பாலகுரு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் உதட்டைப் பார்த்தான், அவர் கையைப் பிடித்து அழுத்தினான். எலும்பு உடையவில்லை. இடுப்பிலிருந்து தொடை வரை கறுத்து வீங்கி, பல நாள் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தான்.

அடிபட்ட பதினோராம் நாள் தகுதித் துறையிலிருந்து இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உஸைர்தான் படித்துச் சொன்னார். இருபதுக்கு இருபது பெற்ற சிறப்பான செவித்திறன் உடைய ஊழியர், மூன்று முறை ஹாரன் அடித்தும் நகராமல் நின்றது வேண்டுமென்றே செய்த அலட்சியம். மறுபடியும் இப்படி நடந்தால் விசா ரத்து.

பாலகுரு எழுந்து நொண்டிக்கொண்டே தகுதித் துறைக்குப் போனான்.

“சார், அந்த லைட்டு இருந்திருந்தா இது நடந்திருக்காதுல்லா?”

“லைட்டு கேட்டா நீ காது கேக்காதவன்னு ஆயிடும் பாலகுரு. அப்புறம் நீயே எழுதிக் குடுத்தது பொய்யின்னு ஆயிடும். பொய் சொன்னவனை வேலையில வச்சுக்க முடியுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், அடுத்த தடவை ஹாரன் கேட்டா நகர்ந்துக்கோ.”

பாலகுரு வெளியே வந்து தண்ணீர்க் குழாயருகே நின்றான். இத்தனை நாளும் தன் பொய்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்திருந்தான். அந்தப் பொய் அவர்களைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த வண்டி வந்து மோதிச் செத்தாலும், நன்றாகக் காது கேட்கிற ஒரு சோம்பேறி செத்தான் என்றுதான் எழுதுவார்கள். விஜிக்கும் அதைத்தான் எழுதி அனுப்புவார்கள்.

மறு வாரம் டக்ளஸ் நேரிலேயே வந்து இறங்கினார். நெட்டையான, சிவந்த, எப்போதும் எதையோ முகர்ந்துகொண்டிருக்கிற மனிதர். ஜெபல் அலி கிளைதான் தகுதிக்கு முன்மாதிரி என்று கேள்விப்பட்டு, சான்றிதழ் கொடுக்க வந்திருந்தார். வாசல் கூடத்தில் வெள்ளைச் சுவர் முன்னால் மைக் வைத்துப் பேசினார். அவர் பேசியதை உஸைர் பாலகுருவுக்கு வாயசைத்துக்கொண்டே வந்தார்.

“நான் இன்று நிற்கிற இடத்துக்கு யார் தயவும் இல்லாமல் வந்தவன். என் தாத்தா இந்தக் கம்பெனியைத் தொடங்கினார், என் அப்பா அதை நடத்தினார், நான் வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டேன். ஆட்கள் அப்படித்தான் உயர வேண்டும். விளக்குப் பிடித்து யாரையும் உயர்த்தக் கூடாது.”

விஜயபாஸ்கர் முதலில் கைதட்டினார்.

நிகழ்ச்சியின் சிகரமாகத் தீயணைப்பு ஒத்திகை. நிறுத்துக் கடிகாரத்தோடு டக்ளஸ் நடுக் கிடங்கில் நின்றார். இருநூறு பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். மேடைபோல ஒரு பேலட்டின் மேல் மஞ்சள் சட்டையோடு செவிக் காவலர். விஜயபாஸ்கர் செய்கு அலாவுதீனைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்தது. அந்தக் கிடங்கின் மணி சாதாரண மணி இல்லை, கப்பலுக்கே கேட்கும். இருநூறு பேரின் முகமும் சுருங்கியது. மாரியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். டக்ளஸ் கடிகாரத்தை ஓடவிட்டார். உஸைர் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார்.

பாலகுரு எல்லாவற்றையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

அரை நிமிஷம் போயிற்று. விஜயபாஸ்கர் சிரித்த முகமாகவே பல்லைக் கடித்து, “பாலகுரு… சொல்லு” என்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. உஸைர் பதறிப் போய் இன்னொரு தரம் கண்ணைச் சிமிட்டினார், மறுபடியும் சிமிட்டினார். பாலகுரு அவரைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் காக்கா என்கிற மாதிரி.

“மணி அடிக்கல சார்” என்றான்.

விஜயபாஸ்கருக்கு முகம் வெளுத்தது. “என்ன சொல்ற? காதைக் கிழிக்குது!”

“ஒங்களுக்குக் கேக்குதா? நீங்க இருபதுக்குப் பதினொண்ணுல்லா சார். நா இருபதுக்கு இருபது. நல்லாக் காது கேக்கிறவன் சொல்லுதேன், மணி அடிக்கல.”

டக்ளஸ் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, இவர் என்ன சொல்கிறார் என்று கத்தினார். விஜயபாஸ்கர் மொழிபெயர்த்தார். டக்ளஸ் கண்ணை உருட்டிக்கொண்டு விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். விதி தெளிவாக இருந்தது. காவலர் ‘அடிக்கவில்லை’ என்று சொன்னால் மணி பழுது. பழுதென்றால் கிடங்கு மூடல்.

கிடங்கு மூடியது. சட்டப்படி மூடியது. வெளியே வாசலில் நாற்பத்திரண்டு கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. மணியோ நிற்கவில்லை.

“அதை முதல்ல ஆஃப் பண்ணுய்யா!” என்று விஜயபாஸ்கர் கத்தினார்.

செய்கு அலாவுதீன் மிகவும் பணிவாகக் கேட்டார்: “சார், அடிக்காத மணிய எப்டி சார் நிறுத்துறது? நிறுத்துனேன்னு நான் ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதுனா, அது அடிச்சிச்சின்னு ஆயிடும். அடிச்சிச்சின்னா, குருவுக்குக் காது கேக்கலன்னு ஆயிடும். நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நான் இப்பவே நிறுத்துறேன்.”

இருநூறு பேரும் அடிக்காத மணிக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்திலும் டக்ளஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: மணியை மாற்றிவிடலாம், இன்னும் சத்தமாக ஒன்று வாங்கலாம். விஜயபாஸ்கரும் உற்சாகமாக அதைக் குறித்துக்கொண்டார். புது மணி ஜெர்மனியிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்று போனில் பதில் வந்தது. அதற்குள் துறைமுகத்திலிருந்து ஒரு போன், அமெரிக்காவிலிருந்து இரண்டு போன். கொள்கை எல்லாம் சரி, கன்டெய்னர் எங்கே என்றார்கள். மனிதகுலத்தின் மேல் அன்பு வரும், போகும். கன்டெய்னர் மேல் வைத்த அன்பு மட்டும் எந்தத் தேர்தலிலும் மாறியதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து விஜயபாஸ்கர் பேலட்டின் கீழே வந்து நின்றார். டை அவிழ்ந்திருந்தது. கண் கலங்கியிருந்தது, இந்த முறை மைக் இல்லாமல்.

“பாலகுரு, நீங்க என்னதான் வேணுங்கறீங்க?”

‘நீங்க’ என்று அந்த உதடு அசைவதைப் பார்த்தான் பாலகுரு. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

“எழுதுங்க சார். பாலகுருவுக்குக் காது கேக்காது, அது எங்களுக்கு மொதல்லேருந்தே தெரியும், தெரிஞ்சேதான் லைட்டக் கழட்டுனோம்னு எழுதுங்க. அவன் இடுப்புல அடிபட்டது அவன் தப்பும் இல்ல, உஸைர் காக்கா தப்பும் இல்லன்னு எழுதுங்க. லைட்டையும் பொம்பளைங்க கக்கூசுக் கதவையும் திரும்ப மாட்டுறோம்னு எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க.”

“இதை எழுதினா என் வேலை போயிடும்.”

“எழுதலன்னா என் உசுரு போயிடும் சார். ஒங்களுக்கு வேற ரோல் குடுப்பாவ.”

“எழுதினப்புறம் உன்னைத் தூக்கிட்டா?” என்று கேட்டார் விஜயபாஸ்கர், கடைசி நம்பிக்கையாக.

“காது கேக்கலன்னு சொல்லி ஆளத் தூக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ச் சட்டத்துலயே இருக்கு சார்” என்றார் உஸைர் பக்கத்திலிருந்து. “நீங்கதான் இணைவு தினத்துல ஸ்லைடு போட்டுக் காட்டுனீங்க. நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன்.”

விஜயபாஸ்கர் எழுதினார். எழுத மேசை இல்லாமல், ஒரு அட்டைப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எழுதினார். டக்ளஸ் கையெழுத்துப் போட்டார். அட்டைப் பெட்டி நெளிந்ததில் அவர் பெயரே கோணலாக விழுந்தது. செய்கு அலாவுதீன் முத்திரை காய்கிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு மணியை நிறுத்தினார்.

கிடங்கு முழுவதும் கப்பென்று அமைதியாயிற்று. முகங்கள் தளர்வதைப் பார்த்துத்தான் பாலகுருவுக்கு அது தெரிந்தது. அவன் மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேலட்டை விட்டு இறங்கினான். காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உஸைரிடம் நீட்டினான்.

“வாசிங்க காக்கா. நல்லாச் சத்தமா வாசிங்க.”

உஸைர் காகிதத்தை வாங்கிக்கொண்டார். “ஒனக்குத்தான் கேக்காதேடா. மெதுவா வாயசைச்சுச் சொல்றேனே.”

“எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியும்லா,” என்றான் பாலகுரு, டக்ளஸையும் விஜயபாஸ்கரையும் பார்த்துக்கொண்டே. “காது கேக்கிறவங்க ரெண்டு பேரு நிக்காவ பாருங்க. அவங்களுக்குக் கேக்கட்டும்.”